மூச்சு ஆபீஸில் ஒரு கடுகு

"திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கப் போகிறேன். அதற்கு முன் எனக்கு ஓர் ஆதாரம் வேண்டும்" என்றார் டாக்டர் சுந்தரபாண்டியன்.

"ஆதாரம் கிடைக்கலைன்னா?" என்று கேட்டான் தனுஷ்கோடி.

"ஆதாரம் இல்லாமலே நீக்குவேன்."

"அப்போ எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க? சாட்சிக் கையெழுத்துப் போடவா?" என்றாள் வெள்ளத்தாய்.

தனுஷ்கோடி மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். அவள் பதிலுக்கு மிதித்தாள். அவள் செருப்பு கனமானது.

தனுஷ்கோடிக்கு ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணிக்கடை ஒன்றின் மாடியில் துப்பறியும் அலுவலகம். ஆறு வருடம் போலீஸில் இருந்தான். ஒருநாள் மேலதிகாரி எழுதிய ரிப்போர்ட்டில் பிழை திருத்தினான். அதன் பிறகு போலீஸில் இல்லை. வெள்ளத்தாய் அவனுடைய சித்தி மகள். மில்லில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். காதில் விழுந்ததை விழாத மாதிரி வைத்துக்கொள்ளத் தெரியாததால் அந்த வேலை போயிற்று. அதே காரணத்தால் இந்த வேலை கிடைத்தது.

1987 அக்டோபர், சனிக்கிழமை, காலை ஏழரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது அந்தக் கட்டடம். பலகையில் 'வளர்சிதை மாற்ற ஆய்வு நிலையம்' என்று இருந்தது. ஊரில் கேட்டால் யாருக்கும் தெரியாது. மூச்சு ஆபீஸ் என்று கேட்டால் ரிக்‌ஷாக்காரரே கொண்டுவந்து விடுவார்.

"வளர்சிதைன்னா என்ன சார்?" என்றாள் வெள்ளத்தாய்.

"உடல் ஒரு பக்கம் தன்னைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. மறுபக்கம் இடித்துக்கொண்டே இருக்கிறது."

"எங்க பெரிய மாமா வீடு மாதிரி. பதினோரு வருஷமாக் கட்டுதாரு, இடிக்காரு."

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் டெல்லியில் பிறந்து வளர்ந்தவர். தமிழை வயதான பிறகு புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டார். அவர் வாயைத் திறந்தால் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருக்கும்.

"மனிதன், நாய், முளைவிட்ட பயறு. மூன்றுக்குள்ளும் ஓர் அடுப்பு எரிகிறது. எவ்வளவு எரிகிறது என்பதை மூச்சை வைத்து அளக்கிறோம். சும்மா படுத்திருக்கும்போது எவ்வளவு எரிகிறது என்பதே என் கேள்வி. மனிதன் என்றால் பன்னிரண்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்டால் அடுப்பு கூடுதலாக எரியும். கணக்கு கெட்டுவிடும்."

"உங்க கணக்கு கெட்டிருக்கா?"

"ராஜபாளையத்து மில் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் சனிக்கிழமைதோறும் வருகிறார்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அளவு ஒழுங்காக இருந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து ஏறிவிட்டது. பத்து வாரமாக இறங்கவில்லை. திங்கட்கிழமை சென்னையிலிருந்து எங்கள் இயக்குநர் வருகிறார். அவரிடம் இதைக் காட்ட முடியாது."

"சாப்பிட்டுட்டு வந்து படுத்துக்கிறாங்களோ என்னவோ" என்றான் தனுஷ்கோடி.

டாக்டர் இதற்காகவே காத்திருந்தவர் போல ஒரு கட்டுப் படிவங்களை மேஜைமேல் போட்டார். "ஒவ்வொருவரையும் கேட்டு எழுதுகிறோம். சாப்பிட்டீர்களா? இல்லை. பன்னிரண்டு பேர், பத்து வாரம், நூற்றிருபது தடவையும் அதே 'இல்லை'. இத்தனை பேர் ஒரே பொய்யை இத்தனை நாள் சொல்ல முடியாது. ஆகவே அவர்கள் உண்மை சொல்கிறார்கள். அப்படியானால் அளவை எழுதுகிற கை பொய் சொல்கிறது."

"அந்தக் கைக்கு என்ன கோபம்?"

"ஜூலை கடைசியில் அளவு எழுதும் ஞானபாக்கியத்தைக் கண்டித்தேன். வருகிற ஆட்களிடம் வாசலில் நின்று வாயாடிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே அளவு ஏறியது. இதற்கு மேல் என்ன வேண்டும்?"

"நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்களே சார். நாங்க காப்பி குடிச்சிட்டுக் கிளம்பறோம்" என்றாள் வெள்ளத்தாய்.

இந்த முறை தனுஷ்கோடி முந்திக்கொண்டு காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

*

வெளியே பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் ஈரத்தலை. ஐந்து நெற்றியிலும் நாமம். ஒருவர் காதில் துளசி வேறு.

"அம்புட்டுப் பேரும் நாமத்தோட வந்திருக்காவ. யாருக்குப் போடன்னுதான் தெரியல" என்று முணுமுணுத்தாள் வெள்ளத்தாய்.

உள்ளே கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். மூக்கில் கிளிப். வாயில் ரப்பர் குழாய். பக்கத்தில் ஓர் உருளை சுற்றியது, அவர் மூச்சு விடும்போதெல்லாம் பேனா அதில் மேலும் கீழும் கோடு கிழித்தது. அறை மூலையில் பாயின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய் கிடந்தது. ஜன்னலோரம் கண்ணாடிக் குடுவைகளில் பாசிப்பயறு முளைவிட்டிருந்தது.

ஞானபாக்கியம் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டவள். இந்த வேலைக்கு வருவதற்கு முன் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பிடிக்க வந்தவிய நீங்கதானா?"

"பிடிக்க வரல. பார்க்க வந்தோம்" என்றான் தனுஷ்கோடி.

"நல்லாப் பாருங்க. வேலை போனா திரும்பவும் பசைச்சட்டி முன்னால உக்காருவேன், அது ஒண்ணும் இல்ல. ஆனா பொய் எழுதினவங்கிற பேரோட போக மாட்டேன். தீப்பெட்டி ஆபீஸ்லகூட அந்தப் பேருக்கு இடம் கிடையாது."

"நாய் பேரு என்ன?" என்றாள் வெள்ளத்தாய்.

"ஜமீன்."

"ஏன்?"

"படுத்தே கிடக்கும். நேரத்துக்குச் சோறு வரணும்."

சுவரில் மூன்று வரைபடங்கள் மாட்டியிருந்தன. பயறு, நாய், மனிதன். பயறு நேர்க்கோடு. நாய் நேர்க்கோடு. மனிதக் கோடு ஜூலை வரை நேராக வந்து, ஆகஸ்டில் படியேறி, மாடியிலேயே நின்றுவிட்டது.

"நாயையும் இதே மெஷின்லதான் அளக்கிறீங்களா?" என்றான் தனுஷ்கோடி.

"அதே மெஷின்தான். வாய்க்குழாய்க்குப் பதிலாத் தோல் மூடி போடுவேன்."

"எழுதறது?"

"மூணையும் நான்தான் எழுதுதேன்."

தனுஷ்கோடி வெள்ளத்தாயைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். "ஏட்டி, மெஷின் கெட்டிருந்தா நாய்க்கோடும் ஏறியிருக்கும். கை பொய் எழுதுதுன்னா, அந்தக் கைக்கு நாய்மேல மட்டும் ஏன் இரக்கம்? நாயும் பயறும் செய்யாத எதையோ மனுஷன் செய்யுதான்."

"பேசுதான்."

"வேற?"

"பொய் சொல்லுதான்."

"வேற?"

"அம்புட்டுத்தான் அண்ணே மனுஷன்."

பதில் திருப்தியாக இல்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. வெள்ளத்தாய் அதற்குள் மேஜையிலிருந்த தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பயன்படுத்திய ரப்பர் வாய்க்குழாய்கள் மூன்று, வெந்நீரில் போடுவதற்காகக் கிடந்தன. இடுக்கியால் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அண்ணே, இங்க பாருங்க. கடுகு."

உள்விளிம்பில் கருப்பாக ஒரு புள்ளி ஒட்டியிருந்தது.

"சும்மாக் கடுகு இல்ல. பச்சைக் கடுகு உருண்டையா உருளும். இது எண்ணெயில குதிச்சு வாயைப் பொளந்த கடுகு. தாளிச்சது."

"குழாய் நேத்து வெந்துச்சா?" என்று கேட்டான் தனுஷ்கோடி.

"ஒவ்வொரு தடவையும் வேக வைப்பேன். காலையில நான் எடுத்துப் போடும்போது பளிச்சுன்னு இருந்துச்சு" என்றாள் ஞானபாக்கியம். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

வாசலில் நின்றிருந்த டாக்டருக்கும் உறைத்தது: கடுகு இன்று காலை படுத்தவர் வாயிலிருந்து வந்தது. அவர் நேராகப் போய் அலமாரியைத் திறந்தார். அங்கே ஒரு தூக்குச்சட்டி இருந்தது. மூடியைத் தூக்கினார். தயிர்சாதம். அதன் மேல் கறிவேப்பிலையும் கடுகும் தாளித்துக் கொட்டியிருந்தது.

"ஆக, அளவை மாற்றி எழுதவில்லை. ஆட்களுக்கு இவளே உணவு கொடுத்திருக்கிறாள்!"

"அது என் மத்தியானச் சாப்பாடு!"

"ஆய்வறைக்குள் ஏன் வந்தது?"

"வேற எங்க வைக்க? நாய் பக்கத்துலயா?"

டாக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "திங்கட்கிழமை வரை எதற்கு? இன்றே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்."

வெள்ளத்தாய் தூக்குச்சட்டியை வாங்கிப் பார்த்தாள். "சார், விளிம்பு வரைக்கும் இருக்கு. மேல ஒரு விரல் தடம்கூட இல்ல. இதுலேருந்து எடுத்து ஆளுகளுக்கு ஊட்டியிருந்தா நடுவுல குழி விழுந்திருக்கணும்."

"நிரவிவிட்டிருப்பாள்."

"நிரவினா தாளிசம் கலைஞ்சிருக்குமே சார். நீங்க சமைச்சதே இல்லையா?"

டாக்டர் தாளிசத்தை உற்றுப் பார்த்தார். சமைத்ததே இல்லை என்பது தெரிந்துவிட்டது.

"ஒன்பது மணி வரைக்கும் பேனாவை மூடி வையுங்க" என்றான் தனுஷ்கோடி. "கடுகு எந்தச் சட்டியிலேருந்து வந்துச்சுன்னு பார்த்துட்டு வாரேன்."

"ஒன்பது. அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை."

*

"யாரைத் தேடப் போறோம்?" என்று கேட்டாள் வெள்ளத்தாய். இருவரும் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்கள்.

"அந்தக் குழாயை வாயில வெச்சவர் பஸ் ஏறிப் போயிருப்பாரு. ஒன்பதாம் நம்பர் ஆள் இன்னும் வரல. பேரு வீரணனாம். அவரு எங்கேன்னு பார்ப்போம்."

"பன்னெண்டு பேரும் ராஜபாளையத்துலேருந்து வெள்ளன பஸ் ஏறுதாவ. வீட்டுல தாளிக்க நேரம் இருக்காது. இங்க இறங்கித்தான் எங்கயோ தாளிச்சதைத் தின்னிருக்காவ." அவள் மூக்கைத் தூக்கினாள். "அந்தா."

பஸ் நிலையத்துக்கும் மூச்சு ஆபீஸுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகாரக் கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. சீனியம்மாள் என்ற பெண் நடத்திக்கொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய்ச்சட்டி. அதில் கடுகு படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"குற்றவாளி சரணடைஞ்சுட்டான்" என்றாள் வெள்ளத்தாய்.

"மூச்சு ஆபீஸுக்குப் போற ஆளுக இங்க வருவாங்களா?" என்று கேட்டான் தனுஷ்கோடி.

"வராம? சனிக்கிழமை தவறாமப் பன்னெண்டு தட்டு. ஆகஸ்டுலேருந்து வாராவ" என்றாள் சீனியம்மாள். "அவியளுக்குன்னே வெங்காயம் போடாம உப்புமா கிண்டுதேன். அந்தா ஒருத்தர் உக்காந்திருக்காரே, வீரணன் அண்ணாச்சி. கேளுங்க."

வெள்ளத்தாய் பெருமூச்சு விட்டாள். "போச்சு. பன்னெண்டு பேரும் புளுகுணிக. கேஸ் முடிஞ்சுது அண்ணே. எனக்கும் ஒரு தட்டுச் சொல்லுங்க."

தனுஷ்கோடி வீரணனுக்கு எதிரே போய் உட்கார்ந்தான். ஐம்பது வயது ஆள். நெற்றியில் பளிச்சென்று நாமம். முன்னால் வாழை இலையில் உப்புமா ஆவி பறந்தது. பக்கத்தில் டம்ளரில் காப்பி, இரண்டு வாழைப்பழம்.

"மூச்சு ஆபீஸுக்குத்தானே அண்ணாச்சி?"

"ஆமா. எனக்கு ஒன்பது மணிக்குத்தான். செத்த நேரம் இருக்கு."

"காலையில சாப்பிட்டீங்களா?"

வீரணன் ஓர் உருண்டை உப்புமாவை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

"இல்ல."

வெள்ளத்தாய் சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டு இருமினாள். அவளுக்கு அது பழக்கமில்லை.

"ஒண்ணுமே சாப்பிடலையா?" என்றான் தனுஷ்கோடி.

"சத்தியமா இல்ல. இன்னைக்கு விரதம்லா."

"அப்போ இலையில இருக்கறது?"

"இது உப்புமா."

"உப்புமா சாப்பாடு இல்லையா?"

வீரணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பிக்கு எந்த ஊரு? சோறு தின்னாத்தான தம்பி சாப்பாடு. இது பலகாரம். விரதத்தன்னைக்குப் பலகாரம் தின்னாம வேற என்னத்தைத் தின்ன?"

"அதான!" என்று அடுப்புப் பக்கமிருந்து சீனியம்மாள் ஒத்து ஊதினாள்.

"எங்கிட்ட ஒரு பொய் கிடையாது தம்பி. முன்ன நான் சனிக்கிழமைன்னா கறி இல்லாம இருக்க மாட்டேன். அந்த ஆபீஸுல எழுதிப் போட்டாவ பாருங்க, அன்னையிலேருந்து சுத்தம். பல்லு விளக்கி, குளிச்சு, நாமம் போட்டு, பெருமாளைக் கும்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறுதேன். எம் பொண்டாட்டிக்கே ஆச்சரியம்."

தனுஷ்கோடி மெதுவாகக் கேட்டான். "என்ன எழுதிப் போட்டாங்க?"

வீரணன் சொன்னார்.

தனுஷ்கோடி சிரித்தான். நிறுத்த முடியாமல் சிரித்தான். வெள்ளத்தாய் அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். "அண்ணே, மணி எட்டே முக்கால். சிரிப்பைப் பாதி வழியில வெச்சுக்கலாம். அங்க ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா."

"நீங்களும் வாங்க அண்ணாச்சி" என்றான் தனுஷ்கோடி.

"பழத்தை முடிச்சுட்டு வாரேன்."

"கையில எடுத்துக்கங்க. சாட்சி அது."

*

ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருந்தது. ஆய்வறையில் கட்டில் காலியாக இருந்தது. மேஜைமேல் டாக்டர் டைப் அடித்த கடிதம் தயாராக இருந்தது. பேனா மூடி கழன்றிருந்தது. ஞானபாக்கியம் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதுவிடக் கூடாது என்ற கோபத்தில் நின்றாள்.

"ஞானபாக்கியம் அக்கா, இவர்கிட்ட எப்பவும் கேட்கற கேள்வியைக் கேளுங்க" என்றான் தனுஷ்கோடி.

அவள் வீரணனைப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"பார்த்தீர்களா?" என்றார் டாக்டர்.

"இப்போ நான் ஒண்ணு கேட்கறேன்" என்றாள் வெள்ளத்தாய். "அண்ணாச்சி, விடிஞ்சதுலேருந்து உங்க வயித்துக்குள்ள என்னவெல்லாம் போச்சு?"

வீரணன் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு தட்டு உப்புமா. ஒரு காப்பி. பழம் ஒண்ணு. இந்தா, இது ரெண்டாவது."

அறையில் நாய் மட்டும் மூச்சு விட்டது.

"பத்து வாரமா உங்ககிட்டக் கேட்டேனே அண்ணாச்சி!" என்றாள் ஞானபாக்கியம். "சாப்பிடலன்னு சொன்னீயளே!"

"சாப்பிடலையேம்மா. விரதம்லா."

"விரதம்னா தண்ணியத் தவிர ஒண்ணும் கிடையாதே! எங்க சபையில உபவாசம்னா அப்படித்தான் இருப்போம்."

"அது உங்க சபையில. எங்க பெருமாள் கொஞ்சம் இளகின மனசுக்காரரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "விரதம் என்கிற சொல் இங்கே எப்படி வந்தது?"

"அதைத்தான் நானும் கேட்க வந்தேன்" என்ற தனுஷ்கோடி, கேட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த அட்டையை மேஜைமேல் வைத்தான். "நாயும் பயறும் செய்யாத எதை மனுஷன் செய்யுதான்னு காலையிலேருந்து யோசிச்சேன். படிக்கிறான் சார். நாய்க்கும் பயறுக்கும் படிக்கத் தெரியாது. அதனால அதுக கோடு நேரா இருக்கு. நீங்களே வாசிங்க."

டாக்டர் வாசித்தார். வாசிக்கத் தேவையில்லை. மனப்பாடமாகத் தெரியும். "சோதனைக்கு வருவோர் சனிக்கிழமை காலை விரதம் இருந்து வரவும். 31.7.87."

"மில் நோட்டீஸ் போர்டுலயும் இதே எழுத்துல ஒண்ணு இருக்காம். கீழே கையெழுத்து?"

டாக்டர் அட்டையைத் தள்ளி வைத்தார். வெள்ளத்தாய் எட்டிப் பார்த்து வாசித்தாள். "சு. சுந்தரபாண்டியன். நல்ல அழகான கையெழுத்து சார்."

"விரதம் என்றால் உணவு உட்கொள்ளாமை. அகராதியில் அப்படித்தான் இருக்கிறது."

"அகராதி எழுதினவர் வீட்டுல சனிக்கிழமை என்ன பலகாரம்னு கேட்டீங்களா?"

"ஜூன், ஜூலையில நோட்டீஸ் எதுவும் இல்ல" என்றாள் ஞானபாக்கியம். "நான் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரா சொன்னேன். பச்சத்தண்ணி தவிர பல்லுல ஒண்ணும் படக் கூடாது, காப்பித்தண்ணிகூட ஆகாதுன்னு. அதைத்தான் சார் வாயாடுதேன்னு நிறுத்தினாரு. வாயால சொல்றது விஞ்ஞானம் இல்லன்னாரு. பொறவுதான் இந்த அட்டை தொங்குச்சு."

டாக்டர் சுவரிலிருந்த மூன்றாவது கோட்டைப் பார்த்தார். பத்து வாரமாக அது ஒரு பெண்ணின் பொய்யாக அவருக்குத் தெரிந்தது. இப்போது பார்த்தால் வெங்காயம் போடாத உப்புமா, இரண்டு தட்டு. கை ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடாமல் எழுதியிருந்தது.

அவர் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "இயக்குநரிடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ வேலையைப் பார்க்கலாம், ஞானபாக்கியம்."

ஞானபாக்கியம் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"கிழிச்சதை நாங்க நாலு பேரு பார்த்தோம். வெளியே பெஞ்சில இருக்கவிய பார்க்கல. என்னைத் திருட்டுக்கைன்னு நீங்க திட்டினது அவிய காதுலயும் விழுந்திருக்கு. அவியகிட்ட நீங்க சொல்லணும்."

"என்னவென்று?"

"தப்பு யாரோடதுன்னு."

டாக்டர் தனுஷ்கோடியைப் பார்த்தார். தனுஷ்கோடி நாயைப் பார்த்தான். வெள்ளத்தாய் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வேறு வழி இல்லாமல் டாக்டர் வெளியே போனார்.

பெஞ்சிலிருந்த எல்லாரும் எழுந்தார்கள். வீரணனும் போய் அவர்களோடு நின்றுகொண்டார்.

"தவறு என்னுடையது" என்றார் டாக்டர். "நான் எழுதிய சொல் தவறு. ஞானபாக்கியம் எழுதிய அளவு எல்லாம் சரி. ஒன்றுகூடப் பொய் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் என்ன சொல்கிறாரோ அப்படி வாருங்கள். உப்புமாவும் கூடாது."

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. உப்புமா கூடாது என்பது எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. வீரணன் ஓரடி முன்னால் வந்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

"அப்போ பத்து வாரமா நாங்க இருந்த விரதம் செல்லாதா சார்?"

டாக்டர் யோசித்தார். எந்த அகராதியிலும் தேடாமல் யோசித்தார்.

"பெருமாளுக்குச் செல்லும் அண்ணாச்சி. எனக்குத்தான் செல்லாது."